பிரிஞ்சாங் தாண்டி ஒரு திடல்

கேமரன் மலைக்குப் போகும் குடும்பங்கள் வழக்கமாக நான்கு வேலைகளைச் செய்யும். ஸ்ட்ராபெர்ரி பறிக்கும். சந்தையில் அவித்த சோளம் வாங்கித் தின்னும். தேயிலைச் சரிவில் நின்று படம் எடுத்துக்கொள்ளும். இறங்கும்போது தாப்பா வளைவுகளில் காரை நிறுத்தி, பின் இருக்கையில் இருக்கும் யாராவது ஒருவருக்கு முதுகைத் தடவிவிடும். எங்கள் குடும்பமும் இருபது வருடங்களாக இந்த நான்கையும் தவறாமல் செய்து வந்தது.

கடந்த பள்ளி விடுமுறையில் ஐந்தாவதாக ஒரு வேலை வந்து சேர்ந்தது. அப்பா ஒரு காற்பந்துத் திடலைப் பார்க்க வேண்டும் என்றார்.

அப்பாவுக்கு 78 வயது. பிறந்து வளர்ந்தது பிரிஞ்சாங்கைத் தாண்டிய ஒரு தேயிலைத் தோட்டத்தில். இருபத்து நான்கு வயதில் மலையிறங்கி, ஈப்போவில் ஒரு லாரிப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்து, அங்கிருந்து கோலாலம்பூருக்கு வந்தவர். நாங்கள் எத்தனையோ முறை கேமரன் மலைக்குப் போயிருக்கிறோம். ஒருமுறைகூட அவர் தன் தோட்டத்துப் பக்கம் காரைத் திருப்பச் சொன்னதில்லை. “அங்க என்ன இருக்கு? அதே செடிதான் இங்கயும் இருக்கு” என்று சொல்லி, ஏதாவது ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்துவிடுவார். அவரே இப்போது கேட்கிறார். கையில் ஒரு பழுப்பு நிற உறையும் வைத்திருந்தார். என்ன என்று கேட்டேன். “போனதும் பாத்துக்கலாம்” என்றார்.

தாப்பா வழி

இப்போது பலரும் சிம்பாங் பூலாய் வழியாகத்தான் ஏறுகிறார்கள். சாலை அகலம், வளைவு குறைவு. ஆனால் அப்பா தாப்பா வழிதான் வேண்டும் என்றார். தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்குச் சுமார் 60 கிலோமீட்டர். 1930-களின் தொடக்கத்தில் போட்ட சாலை இது. வழியில் பூர்வகுடி மக்கள் பெத்தாயும் காட்டுத் தேனும் மூங்கிலும் விற்கும் குடிசைக் கடைகள். லாத்தா இஸ்கந்தார் அருவியில் கால் நனைத்துக்கொண்டோம். ரிங்லெட் வந்ததும் காரின் குளிர்சாதனத்தை நிறுத்திவிட்டுக் கண்ணாடியை இறக்கலாம். அதுதான் மலை வந்துவிட்டதற்கு எங்கள் வீட்டு அடையாளம்.

“தாத்தா, கேமரன்னா யாரு?” என்றான் என் பதினான்கு வயது மகன். இங்கிலீஷ் பிரிமியர் லீக்கின் இருபது அணிகளின் ஆட்டக்காரர்களையும் அவனுக்குத் தெரியும். கேமரன் மலையின் கேமரனைத் தெரியாது.

வில்லியம் கேமரன் ஒரு நில அளவையாளர். 1885-இல் பேராக், பகாங் எல்லை மலைகளை அளக்க வந்தவர், மேலே சரிவு குறைந்த ஒரு பீடபூமியைக் கண்டதாக எழுதி வைத்தார். அவர் வரைந்த வரைபடம் பின்னால் யாருக்கும் கிடைக்கவில்லை. நாற்பது வருடம் கழித்து, 1925-இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் ஏறிப் பார்த்த பிறகுதான் இங்கே கோடைவாசத்தலம் அமைக்கும் வேலை சூடுபிடித்தது. 1929-இல் ஜே.ஏ. ரஸ்ஸல் என்பவர் நிலம் பெற்று, இலங்கைத் தேயிலையில் அனுபவமுள்ள ஏ.பி. மில்னைத் துணைக்கு வைத்துக்கொண்டு போ தோட்டத்தைத் தொடங்கினார். 1933-இல் பாரத் தேயிலை வந்தது. காட்டை வெட்டி, சரிவைச் செதுக்கி, செடி வைத்து, கவ்வாத்து வெட்டி, கொழுந்து பறித்தவர்களில் தமிழர்கள் நிறைய. என் தாத்தா அவர்களில் ஒருவர்.

கேமரன் என்பது ஸ்காட்லாந்தில் ஒரு பெரிய குலத்தின் பெயர். அந்தக் குலத்தின் சொந்த ஊர் லோகாபர் என்ற மலைப் பகுதி. அதன் முக்கிய நகரம் ஃபோர்ட் வில்லியம். அதையும் மகனிடம் சொன்னேன். அந்த ஊருக்கு நான் ஒருமுறை போயிருக்கிறேன். அங்கே ஒரு காற்பந்துக் கிளப் இருக்கிறது. அதன் கதையைச் சொன்னால் அப்பாவின் திடலைப் பற்றிச் சொல்வது எனக்குச் சுலபமாக இருக்கும்.

தோற்றுக்கொண்டே இருந்த கிளப்

2019-இல் வேலை நிமித்தம் நான்கு மாதம் கிளாஸ்கோவில் இருந்தேன். ஒரு வார இறுதியில் ரயில் ஏறி ஃபோர்ட் வில்லியம் போனேன். நான்கு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவான பயணம். பிரிட்டனின் மிக உயர்ந்த சிகரமான பென் நெவிஸ் அந்த ஊரின் தலைக்கு மேல் நிற்கிறது. உயரம் 1,345 மீட்டர். நம் தானா ராத்தா பட்டணமே அதைவிட உயரத்தில், 1,400 மீட்டருக்கு மேல் இருக்கிறது. இதைச் சொன்னபோது என் மகனுக்கு ஏகப்பட்ட பெருமை.

அந்த மலையடிவாரத்தில் கிளாகன் பார்க் என்ற சின்னத் திடல். ஃபோர்ட் வில்லியம் காற்பந்துக் கிளப்பின் வீடு. ஊரின் மக்கள் தொகை பத்தாயிரம்தான். அந்த வட்டாரத்தில் காற்பந்தைவிட ஷின்டி என்ற மட்டை விளையாட்டுக்குத்தான் மவுசு. 1974-இல் தொடங்கிய கிளப், 1985-இல் ஹைலேண்ட் லீக்கில் சேர்ந்தது. அந்த லீக் 1893-இலிருந்து நடப்பது. மற்ற அணிகள் பெரும்பாலும் வடக்கிலும் கிழக்கிலும் இருக்கின்றன. ஃபிரேசர்பரோ போன்ற கடற்கரை ஊரில் ஆட்டம் என்றால் போக மட்டும் சுமார் நான்கு மணி நேரம். பகலில் வேறு வேலை பார்க்கும் ஆட்டக்காரர்கள், சனிக்கிழமை முழுவதையும் பேருந்தில் கழித்து, ஐந்தாறு கோல் வாங்கிக்கொண்டு இரவு வீடு திரும்புவார்கள்.

2018-19 பருவத்தில் அவர்கள் 34 லீக் ஆட்டங்கள் ஆடினார்கள். வெற்றி ஒன்றுகூட இல்லை. இரண்டு சமநிலை. வாங்கிய கோல்கள் 245, அதாவது ஓர் ஆட்டத்துக்கு ஏழுக்கு மேல். தகுதியில்லாத ஆட்டக்காரரை இறக்கியதற்காக ஒன்பது புள்ளிகள் வேறு வெட்டப்பட்டன. பருவம் முடிந்தபோது பட்டியலில் அவர்கள் பெயருக்கு எதிரே இருந்தது கழித்தல் ஏழு. பிரிட்டனிலேயே மோசமான அணி இதுதானா என்று கேட்டு பிபிசி ஓர் ஆவணப்படமே எடுத்தது.

இத்தனைக்கும் நடுவில் 2018-இல் நிர்வாகிகள் விலகப்போவதாக அறிவித்து, கிளப்பையே மூடிவிடும் நிலை வந்தது. அப்போது ஊர்க்காரர்கள் சிலர் முன்வந்து எடுத்து நடத்தினார்கள். 2019 ஜூலை 31 அன்று நெய்ர்ன் கவுன்டி அணியை 5-2 என்று வென்றார்கள். அதற்கு முந்தைய வெற்றிக்கும் இதற்கும் இடையில் 840 நாட்கள். பிறகு 2022-இல் கீழ் லீக்குக்கு இறக்கப்பட்டார்கள். கிளப் மட்டும் சாகவில்லை.

நான் போன அன்று ஆட்டம் இல்லை. மழை தூறிக்கொண்டிருந்தது. ஒரு பெரியவர் நாயோடு திடலைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். இத்தனை தோற்றும் ஏன் விடாமல் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் அந்தக் கேள்வியே புரியாதவர்போல் பார்த்தார். அவர்கள் எங்கள் பிள்ளைகள், சனிக்கிழமை வேறு எங்கே போவார்கள் என்றார். அவ்வளவுதான் பதில்.

அந்தப் பதில் ரொம்ப நாள் என் மனதில் கிடந்தது. 245 கோல் வாங்கிய கிளப் இருக்கிறது. அப்பா தன் வாழ்நாளெல்லாம் பெருமை பேசிய தோட்டத்து அணி எங்கே போயிற்று?

துரை கொடுத்த கோப்பை

மலாயாவின் பெரிய தோட்டங்களில் லயங்கள் இருக்கும், கோயில் இருக்கும், தமிழ்ப்பள்ளி இருக்கும், கள்ளுக்கடை இருக்கும், ஒரு திடலும் இருக்கும். ஆங்கிலேயரும் ஸ்காட்லாந்துக்காரரும் நிர்வாகம் செய்த காலத்தில் வந்த பழக்கம் அது. இலங்கையில் 1867-இல் முதன்முதலில் வணிகத்துக்காகத் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர் ஸ்காட்லாந்துக்காரர். மூணாறு மலைகளைத் தோட்டமாக்கிய ஜேம்ஸ் ஃபின்லே கம்பெனி கிளாஸ்கோவைச் சேர்ந்தது. தேயிலை போன இடமெல்லாம் அவர்கள் பந்தும் போனது.

அப்பாவின் தோட்டத்தில் இருந்த துரையும் ஸ்காட்லாந்துக்காரர்தான் என்று அவர் சொல்வார். ஞாயிற்றுக்கிழமை மாலையில் துரையே ஊதலை வாயில் வைத்துக்கொண்டு நடுவராக நிற்பாராம். பக்கத்துத் தோட்டங்களோடு வருடத்துக்கு ஒரு போட்டி. ஜெயித்த அணிக்கு ஒரு கோப்பையும், மாலையில் ஒரு சாப்பாடும். பூட்ஸ் மூன்று பேருக்குத்தான் இருந்தது. மற்றவர்கள் வெறுங்கால்.

வெறுங்கால் என்றால் கேலியாக நினைக்க வேண்டாம். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக இறங்கிய இந்திய அணியில் பெரும்பாலோர் வெறுங்காலோடுதான் ஆடினார்கள். இரண்டு பெனால்டிகளைக் கோட்டைவிட்டு 1-2 என்று தோற்றார்கள். அப்பாவின் தோட்டத்துக்காரர்கள் தேயிலைச் சரிவில் அட்டைக்கடியோடு ஏறி இறங்கிய கால்காரர்கள். புல்தரை அவர்களுக்குப் பஞ்சு மெத்தை.

அப்பா கோல்கீப்பர். “மலையில கோல் காக்கிறது கீழ மாதிரி இல்ல” என்பார். மூடுபனி இறங்கிவிட்டால் எதிர்க் கோல் கம்பம் தெரியாது. பந்தும் தெரியாது. உதைத்த சத்தத்தை வைத்துத்தான் எந்தப் பக்கம் வருகிறது என்று கணிக்க வேண்டும். சின்ன வயதில் நான் இதை நம்பியதில்லை. அப்பாக்கள் சொல்லும் அளப்புகளில் ஒன்று என்று நினைத்துக்கொள்வேன்.

வானொலியில் பெரிய ஆட்டங்களைக் கேட்பதும் அந்தக் காலத்து வழக்கம். 1972 மியூனிக் ஒலிம்பிக்குக்கு மலேசியா தகுதி பெற்றபோது அணித் தலைவர் எம். சந்திரன். அங்கே அமெரிக்காவை 3-0 என்று வென்றோம். அப்பா அப்போது ஈப்போவில். பட்டறையே நின்றுபோனது என்பார். பிறகு கோல்கீப்பர் ஆர். ஆறுமுகம் வந்தார். நீண்ட கைகளுக்காக ‘ஸ்பைடர்மேன்’ என்று நாடே கூப்பிட்டது. 1980-இல் மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2-1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற அணியில் அவர் இருந்தார். ஒலிம்பிக்கை மலேசியா புறக்கணித்ததால் அந்த அணி போகவே இல்லை. 1988 டிசம்பரில் கார் விபத்தில் ஆறுமுகம் இறந்தபோது எங்கள் வீட்டில் அன்று அடுப்பு மூட்டவில்லை. எனக்கு நினைவு தெரிந்து அப்பா அழுததை அன்றுதான் பார்த்தேன்.

2010-இல் கே. ராஜகோபால் பயிற்றுநராக இருந்து, இந்தோனேசியாவை மொத்தம் 4-2 என்று வென்று சுசுகி கோப்பையைக் கொண்டு வந்தார். மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் அணி 2017-இல் பிரிமியர் லீக்கில் நுழைந்து, 2019-இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் சூப்பர் லீக்கில் ஆடியது. 2022 பருவத்தோடு அதுவும் விலகிக்கொண்டது. “மேல கிளை வெட்டுறாங்களேன்னு எல்லாரும் கவலப்படுறாங்க. வேர் போயி முப்பது நாப்பது வருஷம் ஆச்சு” என்றார் அப்பா. வேர் என்று அவர் சொல்வது இந்தத் தோட்டத்துத் திடல்களை.

நீங்க எந்த லயம்?

பிரிஞ்சாங்கைத் தாண்டி, காய்கறித் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூரைகளுக்கு நடுவே போய், ஒரு கிளைச் சாலையில் திரும்பினோம். ஒரு கார் மட்டும் போகக்கூடிய சாலை. எதிரே லாரி வந்தால் பின்னால் எடுக்க வேண்டும். தோட்டத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. இது எந்த ஒரு தோட்டத்தின் கதையும் அல்ல.

காவல் கம்பத்தில் நின்றவர் நேப்பாளி. மலாயில் விசாரித்து, உள்ளே போன் செய்தார். சற்று நேரத்தில் மோட்டார் சைக்கிளில் ஒரு தண்டல் வந்தார். ஐம்பது வயதிருக்கும், தமிழர். அப்பாவைப் பார்த்ததும் தலைக்கவசத்தைக் கழற்றினார்.

“வாங்கையா. நீங்க எந்த லயம்?”

அந்த ஒரு கேள்வியில் அப்பாவின் முகம் மாறிவிட்டது. லயத்தின் எண்ணைச் சொன்னார். அதை இடித்துப் பதினைந்து வருடம் ஆகிறது என்றார் தண்டல். இப்போது தோட்டத்தில் தமிழ்க் குடும்பங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வங்காளதேசிகளும் நேப்பாளிகளும் இந்தோனேசியரும்தான் கொழுந்து வெட்டுகிறார்கள். கையால் பறிப்பதுகூடக் குறைவு. கத்தரியும் இயந்திரமும்தான்.

திடல் இருந்தது. பாதி மட்டும். மறுபாதியில் உரக் கொட்டகையும் லாரிகள் நிற்கும் சிமெண்டுத் தரையும். மிஞ்சிய பாதியில் இரும்புக் குழாயால் கட்டிய இரண்டு சின்னக் கோல்கள்.

அப்பா ஒன்றும் பேசவில்லை. ஓரத்தில் முனீஸ்வரர் கல் இருந்தது. மஞ்சள் துணி கட்டி, எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். கும்பிட்டுவிட்டு, அங்கிருந்து நேராக நடக்க ஆரம்பித்தார். வாய்க்குள் எண்ணிக்கொண்டே போனார். பன்னிரண்டாவது அடியில் நின்றார். “இங்கதான்” என்றார். அவருடைய கோல் கோடு உரக் கொட்டகையின் சுவரை ஒட்டி இருந்தது.

படத்தில் பதினோரு பேர்

அங்கே நின்றபடியேதான் உறையைத் திறந்தார். ஒரே படத்தின் இரண்டு பிரதிகள். கறுப்பு வெள்ளை. பதினோரு இளைஞர்கள். பின்வரிசையில் நடுவில் அப்பா, கைகளைக் கட்டிக்கொண்டு. முன்வரிசை ஓரத்தில், குந்தியிருக்கும் மெலிந்த பையன் ஒருவர் மட்டும் காலில் பூட்ஸோடு இருந்தார்.

“இவன்தான் எங்க லெஃப்ட் விங். பூட்ஸ் இரவல். அன்னிக்கு மட்டும் போட்டுக்கச் சொல்லி நாங்க கொடுத்தது. அடுத்த வாரம் கப்பல்.”

அந்தக் கதையை அப்பா அதுவரை எங்களிடம் சொன்னதே இல்லை.

1968-இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவர்கள், அதாவது சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள், வேலை செய்ய அனுமதிப் பத்திரம் வாங்க வேண்டும். 1969-க்குப் பிறகு அது இறுகியது. தோட்டங்களில் எத்தனையோ பேர் பிறப்புப் பத்திரம் இல்லாமலும், விண்ணப்பம் எழுதத் தெரியாமலும், எழுதினால் என்ன ஆகுமோ என்ற பயத்திலும் குடியுரிமைக்குப் போகாமலே இருந்துவிட்டவர்கள். அவர்களில் ஆயிரக்கணக்கானோர் இந்தியாவுக்குத் திரும்பினார்கள். அப்பா இங்கே பிறந்தவர், நீல அட்டை. அந்த லெஃப்ட் விங் கைக்குழந்தையாக வந்தவர், சிவப்பு அட்டை. இருவரும் ஒரே லயம், ஒரே பள்ளி, ஒரே அணி. அட்டையின் நிறம் மட்டும் வேறு. பினாங்கில் ரஜூலா கப்பல் ஏறினார். இந்தியாவைப் பற்றி அவருக்கு எந்த நினைவும் கிடையாது.

அந்த ஒரு வருடத்தில் அணியிலிருந்து நான்கு பேர் அப்படிப் போனார்கள். மிச்சமிருந்தவர்களில் சிலர் பட்டணத்துக்கு வேலை தேடி இறங்கினார்கள். அப்பாவும் இறங்கினார். அடுத்த வருடம் போட்டிக்கு ஆள் சேரவில்லை. அதோடு சரி. யாரும் அணியைக் கலைக்கவில்லை. கூடவில்லை, அவ்வளவுதான்.

“போட்டோ கழுவி வந்ததும் அனுப்புடான்னு சொல்லிட்டுப் போனான். அதுக்குத்தான் ரெண்டு எடுத்தேன்.”

“ஏன்பா அனுப்பல? விலாசம் தொலைஞ்சு போச்சா?”

அப்பா படத்தைத் திருப்பிக் காட்டினார். பென்சிலில் தெளிவாக எழுதியிருந்தது. திருச்சி ஜில்லா, ஒரு சின்னக் கிராமத்தின் பெயர், தபால் நிலையத்தின் பெயர்.

“கூட என்ன எழுதுறதுன்னு தெரியல. நல்லா இருக்கியான்னு எப்படிக் கேக்குறது? நாங்க இங்க இருந்துட்டோம். அவன் போயிட்டான். நாளைக்கு எழுதலாம், நாளைக்கு எழுதலாம்னு ஐம்பத்தஞ்சு வருஷம்.”

நான் மூணாறை நினைத்துக்கொண்டேன். சில வருடங்களுக்கு முன் குடும்பத்தோடு போயிருந்தோம். அங்கேயும் தேயிலை, அங்கேயும் தமிழ்த் தொழிலாளர்கள், அங்கேயும் ஸ்காட்லாந்துக் கம்பெனி. 1941-இல் தொடங்கிய ஃபின்லே கேடயம் என்ற காற்பந்துப் போட்டி அங்கே தோட்டங்களுக்கிடையே நடக்கிறது. ஃபின்லே போய் டாட்டா வந்தது. 2005-இல் தொழிலாளர்களே பங்குதாரர்களாக இருக்கும் கண்ணன் தேவன் மலைத் தோட்டக் கம்பெனி வந்தது. அதன் பிறகும் கேடயப் போட்டி தொடர்ந்தது. மூணாறு சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. 2015-இல் போனஸ் கேட்டுப் பெண் தொழிலாளர்கள் தெருவில் உட்கார்ந்த ஊர் அது. 2020 ஆகஸ்டில் பெட்டிமுடி லயங்களின் மேல் மலை சரிந்து 70 பேரைக் கொண்டுபோன ஊர். ஆனாலும் அப்பன் ஆடிய தோட்டத்துக்கு மகன் ஆடினான். ஆள் அங்கேயே இருந்ததால் பந்தும் இருந்தது.

ஃபோர்ட் வில்லியம் பெரியவர் சொன்னதும் அதுதான். ஒரு கிளப்பைத் தோல்வி கொல்வதில்லை. 245 கோல் கொல்வதில்லை. சனிக்கிழமை வந்து நிற்க ஆள் இல்லாமல் போனால்தான் அது சாகிறது. எங்கள் திடல்களில் ஆட்டம் நின்றது ஆடத் தெரியாமல் அல்ல. திடல் கம்பெனியுடையது, லயம் கம்பெனியுடையது, சிலருக்கு நாடும் தங்களுடையது இல்லை என்றாகிவிட்டது. எதை நம்பி ஒரு கிளப்பை நடத்துவது?

மாலை ஆட்டம்

நான்கு மணிக்கு மேல் வேலை முடிந்து ஆட்கள் வந்தார்கள். வங்காளதேசப் பையன்கள் எட்டுப் பேர், இரண்டு நேப்பாளிகள். உரமூட்டைகளை நகர்த்தி எல்லை போட்டுக்கொண்டு ஆரம்பித்தார்கள். என் மகனையும் கூப்பிட்டார்கள். அவன் விலையுயர்ந்த பூட்ஸோடு இறங்கி, முதல் ஐந்து நிமிடத்திலேயே சேற்றில் விழுந்தான். எதிரே ஆடியவர்களில் பாதிப் பேர் வெறுங்கால்.

திடீரென்று மூடுபனி இறங்கியது. மேல் சரிவு காணாமல் போனது. பிறகு கொட்டகை. பிறகு எதிர்க் கோல். எனக்கு முன்னால் வெள்ளைத் திரை. அதற்குள்ளிருந்து ‘தொம்’ என்று ஒரு சத்தம் கேட்டது. “வலது!” என்று கத்தினார் அப்பா, என் பக்கத்திலிருந்து. அதே நொடியில் பனிக்குள்ளிருந்து பந்து வலது பக்கமாக வந்து வலையில்லாத கோலுக்குள் உருண்டது.

நாற்பது வருடமாக நான் நம்பாத கதை. அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கோல் காத்த வங்காளதேசப் பையனிடம் போய், உடைந்த மலாயில், பந்தைப் பார்க்காதே, காதைக் கொடு என்று விளக்கிக்கொண்டிருந்தார். முழங்காலை மடக்கி, கைகளை விரித்து நின்றும் காட்டினார். பையன் சிரித்துக்கொண்டே அதேபோல் நின்றான்.

இருட்டும் முன் தண்டல் எங்களைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போய்த் தேநீர் கொடுத்தார். சுவரில் தைப்பூசக் காவடிப் படங்கள். படத்தில் இருப்பவர்களில் ஒருவர் அவருடைய பெரியப்பா. அதைப் பார்த்ததும் தண்டலின் மனைவி, “அப்பாயிகிட்ட காட்டணும்” என்று போனில் படம் எடுத்துக்கொண்டார். பதினோரு பேரில் உயிரோடு இருப்பது உறுதியாகத் தெரிந்தவர்கள் அப்பாவும் தெலுக் இந்தானில் ஒருவரும். லெஃப்ட் விங் பற்றி யாருக்கும் தெரியாது.

மறுநாள் காலை தானா ராத்தா அஞ்சலகத்துக்குப் போனோம். முதல் நாள் இரவு விடுதியில் அப்பா ஒரு தாள் எழுதினார். ரொம்ப நேரம் எழுதினார். என்ன எழுதியிருக்கிறார் என்று நான் கேட்கவில்லை. மேசையைத் தாண்டும்போது ஒரே ஒரு வரி கண்ணில் பட்டது: “திடல் பாதி இருக்கிறது.”

விலாசத்தில் ஒரு குறை இருந்தது. அது 1970-இல் எழுதியது. இந்தியாவில் அஞ்சல் குறியீட்டு எண் வந்ததே 1972-இல்தான். மகன் கைப்பேசியில் கிராமத்தின் பெயரைத் தேடி, அதே பெயரில் மூன்று ஊர்கள் இருப்பதைப் பார்த்து, தபால் நிலையத்தின் பெயரோடு பொருத்தி, ஆறு இலக்கத்தைக் கண்டுபிடித்தான். அப்பா பென்சில் எழுத்துக்குக் கீழே பேனாவால் அந்த எண்ணை எழுதினார்.

கேமரன் மலைக்குப் போகும் நண்பர்களுக்கு ஒரு சின்ன யோசனை. போ தேயிலை நிலையத்தைப் பாருங்கள், சுங்கை பாலாஸ் காட்சி அழகானதுதான், திங்கட்கிழமை மட்டும் போக வேண்டாம், மூடியிருக்கும். ஸ்ட்ராபெர்ரியும் பறியுங்கள். கூட வயதானவர்கள் இருந்தால், தோட்டத்தில் வளர்ந்தவர்கள் என்றால், திடல் எங்கே இருந்தது என்று ஒரு முறை கேளுங்கள். தோட்டத்துப் பெயரும் லயத்து எண்ணும் அவர்களுக்கு மறந்திருக்காது.

இறங்கும்போது தாப்பா வளைவுகளில் வழக்கம்போல் காரை நிறுத்தினோம். இந்த முறை மகன். அப்பா அவன் முதுகைத் தடவிக்கொண்டே சொன்னார்:

“அடுத்த தடவ வரும்போது ஒரு பந்து வாங்கிட்டு வரணும். அவனுங்க பந்து ரொம்பத் தேஞ்சு போயிருக்கு.”